முப்பத்தேழு மில்லி

பிரசவ அறையிலிருந்து தூக்கி வந்து காட்டியபோது என் மகன் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தான். “சரக்கு மாறி வந்துடுச்சா, சிஸ்டர்?” என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் எதிராளி சிரிக்கவில்லை என்றால் பேச்சு வேறெங்கோ போகப்போகிறது என்று அர்த்தம். கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் இருக்காது.

போகத்தான் போனது. அரை மணி நேரத்தில் ஒரு குழந்தை டாக்டர் வந்தார். இன்னொரு அரை மணியில் ஆம்புலன்ஸ் வந்தது. ஊரின் மறுகோடியில் குழந்தைகளுக்கென்று ஓர் இருதய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே கொண்டுபோயாக வேண்டும் என்றார்கள். என் மனைவி அப்போதும் மேசையில்தான் படுத்திருந்தாள். வயிற்றில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சைத் துணித் திரைக்கு மேலே அவனைத் தூக்கி ஒரு நொடி காட்டியிருக்கிறார்கள். அவள் பார்த்தது அவ்வளவுதான்.

இருதய ஆஸ்பத்திரியின் சர்ஜன் ஒல்லியான மனிதர். வேறு யாருடைய பரிசோதனைத் தாளின் பின்பக்கத்திலோ எனக்காகப் படம் போட்டார். நான் பூட்டு, தாழ்ப்பாள், கீல், தண்ணீர்க் குழாய் விற்கிறவன்; அவர் பாதி போடும்போதே எனக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது. இருதயத்திலிருந்து இரண்டு பெரிய குழாய்கள் புறப்படுகின்றன, ஒன்று நுரையீரலுக்கு, மற்றது உடம்புக்கு. என் மகனுக்கு அந்த இரண்டும் இடம் மாறியிருந்தன. நல்ல ரத்தம் நுரையீரலுக்கும் இருதயத்துக்குமே செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. கெட்ட ரத்தம் உடம்பை மட்டும் சுற்றியது. நடுவே இருந்த ஒரு சின்ன ஓட்டையில் இரண்டும் கொஞ்சம் கலந்ததால் பையன் உயிரோடு இருந்தான்.

“வெந்நீர் லைனையும் பச்சைத்தண்ணி லைனையும் மாத்தி மாட்டிட்டாங்க. அதானே, டாக்டர்?”

“அதேதான்.”

“மாட்டினவன் யாருன்னு தெரிஞ்சா புகார் குடுக்கலாம்.”

“கழட்டித் திருப்பி மாட்டறதுதான் ஆபரேஷன்,” என்றார் அவர். “இன்னிக்கே ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி விடறோம், ரத்தம் நல்லா கலக்கும். ஏழாம் நாள் பெரிய ஆபரேஷன்.”

“எவ்வளவு நிச்சயம்?”

“நூறு குழந்தைக்குப் பண்ணினா தொண்ணூத்தஞ்சு நல்லபடியா வீட்டுக்குப் போகுது.”

யோசித்துப் பேசவில்லை, வாய் தானாகப் பேசியது. “ஒரு தொண்ணூத்தெட்டா பண்ணிக்குடுங்க, டாக்டர்.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். “இங்க ஒரே விலைதாங்க.” கோபமாகச் சொல்லவில்லை. தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். தொண்ணூற்றைந்து என்று கேட்டவுடன் நான் பார்த்தது மீதி ஐந்தை. அந்த ஐந்து பேரின் அப்பாக்களும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே படத்தைப் பார்த்திருப்பார்கள்.

இதை என் மனைவியிடம் சொல்ல வேண்டும். மறுநாள் காலை அவள் கட்டிலருகே போய் நின்றேன். காய்ச்சல் ஏறியிருந்தது. தையல் போட்ட இடம் சிவந்து சீழ் பிடிக்கும் போலிருக்கிறது, ஒரு வாரமாவது இங்கேதான் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் மாமியார், மடியில் துணிப்பை, பையில் ஏற்கெனவே மடித்து வைத்த குழந்தைச் சட்டைகள்.

“எங்க அவன்?” என்றாள்.

எங்கள் கடையில் ‘சரக்கு இல்லை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘வண்டி ஏறிடுச்சு, வந்துக்கிட்டிருக்கு’ என்றுதான் சொல்வோம். வராமலே போன சரக்கைக்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறோம்.

“மூச்சு கொஞ்சம் வேகமா இருக்காம். நாலஞ்சு நாள் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பாப்பாங்களாம். இங்க இருக்கற பெட்டி பழசு, அங்க புதுசு. அதான் அங்க.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மாமியாரின் பையைப் பார்த்தேன்.

மனைவியிடம் ஒன்று சொல்லி மற்றவர்களிடம் வேறொன்று சொல்ல முடியாது. அண்ணனுக்குத் தெரிந்தால் அண்ணிக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரிந்தது பத்தாவது நிமிஷம் மாமியாரின் காதில் இருக்கும். அதனால் எல்லோருக்கும் அதே மூச்சைத்தான் விற்றேன். பொய்யில் ஒரு வசதி உண்டு, யாரும் பதறுவதில்லை. பதறாதவர்கள் பார்க்கவும் வருவதில்லை.

ஆக அந்த ஆறு நாளும் இருதய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் நான் மட்டும் இருந்தேன். மூன்று மூன்றாகத் தரையில் அறைந்து வைத்த நாற்காலிகள். ஐந்து பொத்தான்களில் ஒன்று மட்டும் வேலை செய்த காப்பி இயந்திரம். எதை அழுத்த நினைத்தாலும் சர்க்கரை போடாத பால் காப்பிதான். தீவிரச் சிகிச்சை அறையின் கதவுக்கு முன்னால் ஒரு வாசல்காரர், மீசை வைத்தவர், ஓய்வு பெற்றும் ஓயாத வயது. அந்தக் கதவு ஒவ்வொரு தடவையும் ‘தடால்’ என்று அறைந்து சாத்திக்கொண்டது. மேலே கதவை மெல்ல மூட வைக்கும் கருவியில் எண்ணெய் கசிந்திருந்தது. திருகை முக்கால் சுற்று இறுக்கினால் போதும். இரண்டாம் நாள் ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினேன்.

“இறங்குங்க சார். இதெல்லாம் மெயின்டெனன்ஸ் ஆளுங்கதான் செய்யணும்.”

“அவங்க எப்ப வருவாங்க, அண்ணே?”

“எழுதிக் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு.”

“அப்ப நான் எழுதிக் குடுக்காமயே வந்த மெயின்டெனன்ஸ் ஆள்னு நெனச்சுக்கங்க.”

இறுக்கினேன். கதவு அடங்கிப்போய்ச் சாத்திக்கொண்டது. அவர் இரண்டு மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “கடை எங்க வெச்சிருக்கீங்க?” என்றார். அந்த ஆறு நாளில் என்னைப் பற்றி யாராவது கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

உள்ளே போக முழங்கை வரை கை கழுவ வேண்டும், நீலக் கவுன் மாட்ட வேண்டும். அவன் படுத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் ஒட்டிய சீட்டில் என் மனைவியின் பெயரும் அதற்குக் கீழே ‘ஆண் குழந்தை’ என்றும் இருந்தது. பக்கவாட்டில் கை நுழைக்க ஒரு வட்ட வாசல். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு சிஸ்டர், “தொடலாம் சார், உள்ளங்கையை வெச்சுச் சும்மா இருங்க, தடவிக் குடுக்காதீங்க,” என்றார். எதையும் எடுத்துப் பார்க்காமல், பிடிக்காத மாதிரி நின்று விலை கேட்டுப் பழகியவன் நான். ஆசையைக் காட்டினால் விலை ஏறும். முதல் மூன்று நாள் பெட்டிக்கு ஓரடி தள்ளியே நின்றேன். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று எடை போடுகிறார்கள் என்பது போல. நாலாம் நாள்தான் கையை உள்ளே விட்டேன். அவன் தலை என் உள்ளங்கையில் அடங்கியது, ஒரு கதவுக் குமிழ் அளவுதான்.

அண்ணன் தினமும் போன் செய்வான்.

“மூச்சு அடங்கிச்சா?”

“அடங்கிட்டு வருது.”

“அப்புறம் ஏன்டா அங்கயே குடியிருக்க? அந்த அபார்ட்மென்ட்காரனுக்கு நாப்பது பூட்டு காட்டணும், உன் வாய் இல்லாம அவன் படியமாட்டேங்கறான். ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்.”

“நாளைக்குப் பாக்கறேண்ணே.”

“உனக்கு ஆஸ்பத்திரி ஏசி பிடிச்சுப்போச்சு,” என்று சொல்லிவிட்டு வைப்பான். போனை வைத்த பிறகும் சிறிது நேரம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வரிசையில் யாராவது இருந்தால், நான் பேசிக்கொண்டிருப்பதாக நினைக்கட்டும்.

மூன்றாம் நாள் என் மனைவிக்குப் பால் சுரந்தது. பிழிந்து பாட்டிலில் எடுத்துக் கொடுப்பாள். ஐஸ் பெட்டியில் வைத்து நான் ஊரின் மறுகோடிக்கு எடுத்துப் போவேன். அங்கே பால் அறையின் ஜன்னலில் வாங்கித் தேதி எழுதி உறையவைப்பார்கள். பையனுக்கு இன்னும் வாய் வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது. நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ்தான், ஊசிதான். இருக்கட்டும், பின்னால் உதவும் என்றார்கள். கழுவிய காலி பாட்டிலோடு மாலையில் அவளிடம் வருவேன். காலி பாட்டிலைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் தளரும். அதற்காகவே அந்த நாற்பது நிமிஷப் பஸ் பயணம்.

“எவ்வளவு குடிச்சான்?”

“இருபத்தி மூணு மில்லி.”

மறுநாள் இருபத்தொன்பது. இதிலும் தொழில்தான். ஒரு பூட்டின் விலை நானூறு என்று சொன்னால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறான் என்று நினைப்பார்கள். நானூற்றுப் பதினேழு என்றால் உள்ளே உட்கார்ந்து எவனோ கணக்குப் போட்டிருக்கிறான் என்று நம்புவார்கள். சில்லறை ஒட்டிக்கொண்டிருக்கிற எண்ணுக்கு ஒரு நேர்மையான முகம் வந்துவிடுகிறது.

ஆறாம் நாள் மாலை. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

“இன்னிக்கு?” என்றாள்.

“முப்பத்தேழு.”

அவள் பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் மாமியாரிடம், “அம்மா, கீழ போய் ஒரு ஃப்ளாஸ்க் வெந்நீர் வாங்கிட்டு வர்றீங்களா?” என்றாள். ஃப்ளாஸ்க் நிறைய வெந்நீர் இருந்தது. மாமியார் அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு போனார்.

“இதுல பத்துப் பத்தாத்தான் கோடு போட்டிருக்கு,” என்றாள். “முப்பது இருக்கு, நாப்பது இருக்கு. முப்பத்தேழை எங்க பாத்தீங்க?”

“சிஸ்டர் சொன்னாங்க.”

“நான் மூணு வருஷம் உங்க கடை கல்லாவுல உக்காந்திருக்கேன். தெரிஞ்சதைச் சொல்லும்போது நீங்க ‘ஒரு முப்பது, நாப்பது இருக்கும்’னுதான் சொல்லுவீங்க. சில்லறையோட சொன்னா ஆளைக் கவுக்கறீங்கன்னு அர்த்தம்.” குரல் உயரவில்லை. “அவன் ஒரு சொட்டாவது குடிச்சானா?”

எனக்காக அண்ணன் இவளைப் பெண் பார்த்துவிட்டு வந்தபோது, ‘பாத்திரக் கடைக்காரர் பொண்ணுடா, உன்னை ஒரு தட்டு தட்டியே ஓட்டை இருக்கான்னு சொல்லிடும்’ என்றான். அப்போது எல்லோரும் சிரித்தோம்.

“இல்ல,” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சர்ஜன் கொடுத்த தாள் பர்ஸில் இருந்தது. எடுத்து அவள் போர்வை மேல் விரித்தேன். அவள் அழவில்லை. படத்தில் இருந்த இரண்டு குழாய்களின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்தாள், துணியில் இழை ஓடியிருக்கிறதா என்று பார்ப்பது போல.

“எப்ப?”

“நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு.”

“நான் கேக்கலேன்னா?”

“முடிஞ்சப்புறம் சொல்லியிருப்பேன்.”

“எது முடிஞ்சப்புறம்?”

தாளை மடித்துப் பர்ஸில் வைத்தேன்.

கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். பாதி எழுந்ததும் முகம் வெளுத்து மறுபடி சாய்ந்துவிட்டாள். நான் கை நீட்டினேன். அந்தக் கையை அவள் பார்த்த பார்வையில் அதை நானே பின்னால் இழுத்துக்கொண்டேன். டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டோம். நூற்றிரண்டு டிகிரி, படியே இறங்கக்கூடாது என்றார்.

“சரி,” என்றாள் என்னிடம். “காலைல போன் பண்ணுங்க. முடியற வரைக்கும் கட் பண்ணக்கூடாது. ஆனா நீங்க பேசவும் கூடாது. உங்க பேச்சைக் கேட்டது போதும். எனக்கு அந்த இடம் கேக்கணும்.”

ஆறே முக்காலுக்கு அவனைச் சின்னக் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடி சிஸ்டர் ஒரு பக்கம், ஆக்ஸிஜன் உருளையோடு ஓர் ஆள் மறுபக்கம், பின்னால் நான். சட்டைப் பையில் போன், மறுமுனையில் அவள். நீண்ட நடை, இரண்டு வளைவு, ஒரு லிஃப்ட். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு மேல் நான் வரக்கூடாது. கதவு மூடியதும் போனைக் காதில் வைத்தேன்.

“ஒரு சக்கரம் கத்திச்சு,” என்றாள்.

பதில் சொல்லவில்லை. பேசக்கூடாதே. அது உண்மைதானா என்று எனக்கே தெரியாது. கீலும் உருளையும் விற்கிற எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஊரின் மறுகோடியில் படுத்திருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது.

சுவரில் பிளக் இருந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து போனைச் சார்ஜில் போட்டேன். அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம், எப்போதாவது மாமியாரின் இருமல். மாமியாரிடம் காலையில் இவளே சொல்லியிருக்கிறாள்; அந்தம்மாள் அழுது ஓய்ந்திருந்தார் என்று மூக்குறிஞ்சலில் தெரிந்தது. இந்தப் பக்கம் லிஃப்ட் மணி, தரை துடைக்கும் வண்டி, காப்பி இயந்திரம் தொண்டையைச் செருமும் சத்தம். அண்ணன் பத்து மணியிலிருந்து கூப்பிட்டிருக்கிறான், லைன் பிஸி. அபார்ட்மென்ட்காரன் படிந்தானோ இல்லையோ. எட்டு மணி, ஒன்பது, பதினொன்று. ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். கடைத்தெருவில் ஐம்பதடி நடக்க எனக்கு அரை மணி ஆகும். அத்தனை பேர் நிறுத்திப் பேசுவார்கள். அந்த ஹாலில் என்னை நிறுத்த ஆள் இல்லை, போகவும் இடம் இல்லை. காதில் ஒரு மனுஷி மூச்சு விடுகிறாள். அவளும் பேசவில்லை. கல்யாணமான நாலு வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் வாயை மூடியது கிடையாது.

ஒரு மணிக்கு வாசல்காரர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். காதிலிருந்து குரல் வந்தது.

“சாப்பிடுங்க.”

எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூடாது. ரொட்டியில் பாதியைக் கிள்ளி வாங்கிக்கொண்டேன்.

இரண்டேகாலுக்கு சர்ஜன் வந்தார். முகமூடி கழுத்துக்கு இறங்கியிருந்தது, நெற்றியில் தொப்பியின் நாடா பதிந்த கோடு. எழுந்து நின்றேன். போனைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

“குழாய் ரெண்டையும் மாத்தியாச்சு. இருதயத்துக்கே ரத்தம் குடுக்கற சின்னச் சின்னக் குழாய் ரெண்டு இருக்கு, அதையும் எடுத்துப் புது இடத்துல தைச்சாச்சு. அதுதான் கஷ்டமான பகுதி. ஆனா இருதயம் ரொம்பக் களைச்சிருக்கு, வீங்கியிருக்கு. அதனால நெஞ்சை இன்னிக்கு மூடல. மேல ஒரு மெல்லிய உறை மட்டும் போட்டு விட்டிருக்கோம். ரெண்டு நாள்ல வீக்கம் வத்தினா மூடுவோம்.”

“வத்தலேன்னா?”

“காத்திருப்போம்.”

இந்தத் தடவை நான் விலை பேசவில்லை. அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். போனைக் காதுக்குக் கொண்டுபோய், ஒரு வாரமாக வெளிவராத உற்சாகத்தை எங்கிருந்தோ வரவழைத்து, “எல்லாம் நல்லபடியா—” என்றேன்.

“நானும் கேட்டேன்,” என்றாள்.

நிறுத்தினேன்.

“உள்ள விடுவாங்களா?”

“நாலு மணிக்கு.”

“போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. விக்காதீங்க. சொல்லுங்க.”

நாலு மணிக்குப் போனேன். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது? எனக்குத் தெரிந்த தொடக்கம் எல்லாம் ‘கவலையே படாதீங்க’வில்தான் தொடங்கும். ஒருவழியாக, வருஷக் கடைசியில் சரக்கு இருப்பு எடுப்பது போலச் சொன்னேன். மேலிருந்து கீழாக.

“கண்ணு ரெண்டும் மூடியிருக்கு. இமை வீங்கியிருக்கு. வாயில ஒரு குழாய், பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கு. மூக்குல ஒண்ணு. கழுத்துல ஊசி, அதுலருந்து மூணு லைன். நெஞ்சுல…” நிறுத்தி மூச்சு வாங்கினேன். “நெஞ்சுல நீளமா, என் சுண்டுவிரல் நீளத்துக்குத் திறந்திருக்கு. மேல கண்ணாடித் தாள் மாதிரி ஒண்ணு. அதுக்குள்ள அசையறது தெரியுது.”

“என்ன அசையுது?”

“இருதயம்.”

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது; எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

“அப்புறம்?” என்றாள்.

“வயித்துல ரெண்டு குழாய். கையில ஒண்ணு, காலுல ஒண்ணு. ஒயர் எத்தனைன்னு எண்ணினேன், பாதியில விட்டுட்டேன்.”

“நிறம்?”

“உதடு சிவப்பு.” அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல வியாபாரம். “நகம் தெரியல. அங்க விளக்கு மஞ்சளா இருக்கு. சரியாச் சொல்ல முடியல.”

“சரி,” என்றாள். போனை வைத்துவிட்டாள். ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் திறந்திருந்த லைன் மூடியதும் காது சூடாக, காலியாக இருந்தது.

அண்ணனிடம் அன்று மாலை நானே சொன்னேன். கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடி வந்தான். கதவிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தான். “என்கிட்டயுமாடா?” என்று மட்டும் கேட்டான். அவன் சட்டையிலிருந்து கடையின் எண்ணெயும் இரும்பும் வாடை அடித்தது. அரை மணி உட்கார்ந்திருந்தான், போய்விட்டான். அடுத்த நாலு நாள் போன் வரவில்லை. அவனுடைய திட்டுக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று அவனுக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் நெஞ்சை மூடினார்கள். மயக்க மருந்தைக் குறைத்தார்கள். தினமும் மாலை அவளுக்குப் போன் செய்து இருப்பு ஒப்புவித்தேன்: இன்று ஒரு குழாய் எடுத்தார்கள், வீக்கம் இறங்கியது, கண் ஒரு கோடு அளவு திறந்தது. அவள் ‘சரி’ என்பாள். அதற்கு மேல் எனக்கென்று ஒரு வார்த்தை கிடையாது. சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை லிஃப்ட் திறந்தது. சக்கர நாற்காலியில் அவள், பின்னால் மாமியார். இரண்டு வாரத்தில் பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்தாள், தலையசைத்தாள், கடைக்கு வந்த தெரிந்த வாடிக்கையாளருக்குத் தலையசைப்பது போல. வாசலருகே வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

வாசல்காரர் சங்கடமாக மீசையைத் தடவினார். “ஒரு நேரத்துல ஒருத்தர்தாம்மா. சார் வேணா வெளியில…”

கழுத்திலிருந்த அனுமதி அட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். கை கழுவும் தொட்டியைக் காட்டினேன், முழங்கை வரை என்றேன். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். மாமியார் இரண்டு வரிசை தள்ளிப் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாற்பது நிமிஷம். கண்ணாடி வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு தடவை குனிந்தாள். ஒரு தடவை கண்ணாடி சிஸ்டரிடம் என்னவோ கேட்டாள். சிஸ்டர் பெட்டியைக் காட்டி நிறைய நேரம் பேசினார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இதுவரை உள்ளே நடந்தது எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன், நான்தான் சொன்னேன். இப்போது அவள் எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

வெளியே வந்தாள். நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தாள்.

“எப்படி இருக்கான்?” என்றேன்.

முதலில் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“கண்ணு மூடித்தான் இருந்தது. இடது கால் கட்டைவிரலை ரெண்டு தடவை ஆட்டினான். மூணாவது தடவையும் ஆட்டினாப்பல இருந்தது. ஆனா ஆட்டணும் ஆட்டணும்னு நெனச்சுக்கிட்டே பாத்தேன். அதனால அதை எடுத்துக்காதீங்க.”

“சரி.”

“நகம் சிவப்புதான். விளக்கைத் திருப்பச் சொல்லிப் பாத்தேன்.”

“சரி.”

“அப்புறம் வாயைக் கோணினான். முகமெல்லாம் சுருங்கிச்சு, உதடு துடிச்சுது. எனக்குப் புரியல, வலிப்பு வந்துடுச்சோன்னு சிஸ்டரைக் கூப்பிட்டேன். அழறானாம். தொண்டையில குழாய் இருக்கறதால சத்தம் வராதாம். மயக்கம் குறைச்சதுலருந்து இப்படித்தான் அழறானாம், மூணு நாளா.”

தரையைப் பார்த்தேன்.

“நீங்க சொல்லல.”

“இல்ல.”

“பாத்தீங்கதானே?”

“பாத்தேன். பாத்த உடனே வெளிய வந்துடுவேன். காப்பி குடிக்கப் போயிடுவேன்.”

அவள் காப்பி இயந்திரத்தின் பக்கம் பார்த்தாள், அந்தப் பொத்தான்களைப் பார்த்தாள்.

“சத்தமில்லாம அழறான், யாரும் இல்ல பக்கத்துல,” என்றாள். “இனிமே காலைல நான் இருக்கேன், சாயங்காலம் நீங்க. மாத்தி மாத்தி. வெளிய வந்ததும் இந்த இடத்துல உக்காந்து சொல்லணும். எல்லாத்தையும். நானும் சொல்லுவேன்.”

“சரி.”

“அதுக்கு நீங்க பாதியில எழுந்து வரக்கூடாது.”

“வரமாட்டேன்.”

அட்டையைக் கழற்றி நடு நாற்காலியில் வைத்தாள். எடுத்து மாட்டிக்கொண்டேன். அட்டையின் கயிறு அவள் கழுத்துச் சூட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வாசல்காரர் கதவைத் திறந்து பிடித்தார்.

முழங்கை வரை கழுவினேன். கவுன் மாட்டினேன். பெட்டிக்கு ஒட்டி நின்று வட்ட வாசலில் கையை விட்டு உள்ளங்கையை அவன் தலையில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நெற்றி சுருங்கியது. குழாயைச் சுற்றி உதடு கோணியது, மேலே ஏறியது, கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி மடிந்தது, நாக்கின் நுனி குழாயில் முட்டி நடுங்கியது. கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வந்தது, ஒரு சொட்டு, இடது பக்கம் மட்டும். என் கால்கள் கதவுப் பக்கம் திரும்பப் பார்த்தன. நான் அங்கேயே நின்று, வெளியே போய்ச் சொல்லும்போது எதுவும் விட்டுப்போகாதபடி, அது முடியும் வரைக்கும் பார்த்தேன்.